மிட்டாய்க்கு நீட்டிய கை

உள்ளே ஆன்றோ சிரிப்பது கேட்டது. கல்யாண ஓலை எழுதும் விசாரணையில் சிரிக்கிறதுக்கு அப்படி என்ன இருக்கிறது என்று ஜெசிந்தா நினைத்துக்கொண்டாள். தூத்துக்குடியில் கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கோயிலை ஒட்டிய சாமியார் பங்களா வராந்தாவில் காகித நட்சத்திரம் பகலிலும் எரிந்துகொண்டிருந்தது, அணைக்க ஆள் இல்லாமல். அவளும் அம்மாவும் நீளப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மூடிய கதவுக்கு அந்தப்பக்கம் பங்குச்சாமியார், எழுதுகிற உபதேசியார், ஆன்றோ. முதலில் மாப்பிள்ளை, பிறகு பெண், தனித்தனியாகத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். பேர், ஞானஸ்நானம் வாங்கிய கோயில், முன்னால் கல்யாணம் ஆகியிருக்கிறதா, முறைப்பிசகு ஏதும் உண்டா என்று வரிசையாகக் கேட்டு, எழுதி, கையெழுத்து வாங்குவார்கள். வாங்கிவிட்டால் நாளைக் காலைப் பூசையில் முதல் ஓலை. இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். தடை சொல்லி எழுந்தவர் யாரையும் அவள் பார்த்ததில்லை. ஒரு தடவை வாசிக்கும்போது வாசலில் ஒரு நாய் குரைத்தது, அதற்கே பெண்வீட்டார் முகம் தொங்கிப்போயிற்று. முதல் ஓலை வாசித்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அதற்கப்புறம் வேண்டாம் என்கிற பெண்ணுக்கு இந்த ஊரில் ஒரு பெயர் இருக்கிறது, அதை அவள் மனசுக்குள்ளேகூடச் சொல்லிப் பார்க்கவில்லை. அதனால் இன்றைக்குத்தான். பதினோராவது கேள்வியில்தான். போன வருஷம் கல்யாணமான சிநேகிதி டெல்பின் சொல்லியிருந்தாள். "பதினோராவதா ஒண்ணு கேப்பாருடி, உன்னை யாராவது கட்டாயப்படுத்துறாங்களான்னு. எனக்குச் சிரிப்பு வந்துட்டு." டெல்பினுக்குச் சிரிப்பு வந்தது. ஜெசிந்தா நாலு நாளாக அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் சோறு தின்றாள், தூங்கினாள், கிறிஸ்துமஸ் பூசையில் முழங்கால் போட்டாள். ஃபாதர் கேட்பார். கதவு சாத்தியிருக்கும். அம்மா இருக்க மாட்டாள், அவன் இருக்க மாட்டான், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யாரும் நிற்க மாட்டார்கள். ஆமா ஃபாதர் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டும். ஒரு வார்த்தைக்கு என்ன பெரிய தைரியம் வேண்டியிருக்கிறது, நேர்ச்சைக்குக் கோழி விடுகிறவர்கள்கூட அதைவிட அதிகம் பேசுகிறார்கள்.

விரலில் மோதிரம் இறுக்கிப் பிடித்திருந்தது. அளவு கேட்காமல் வாங்கியது. கேட்டு வாங்குகிற வழக்கம் அவனுக்கு எந்த விஷயத்தில் இருந்தது. வெயிலில் விரல் கொஞ்சம் வீங்கியும் இருக்கும் போல, கணு தாண்டி நகர மறுத்தது. இடது கைக் கட்டைவிரல் அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தபடியே இருந்தது, அவள் சொல்லாமலே. நாலு நாள் முன்னாலும் கை அப்படித்தான், அவளைக் கேட்காமலே நீண்டது. அதில் கையைக் குற்றம் சொல்ல முடியாது. கிறிஸ்துமஸ் சமயம் கேரல்காரர்கள் வீட்டுக்கு வந்தால் நாலு பாட்டுப் பாடுவார்கள், கிறிஸ்துமஸ் தாத்தா ஆடுவார், ஆடி முடித்து எல்லோருக்கும் வரிசையாக மிட்டாய் கொடுப்பார், தாத்தா மட்டும் வாய் திறந்து பேசமாட்டார். சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்துப் பழகியது. கல்லூரி முடித்தவளும் நீட்டுவாள், அறுபது வயதுக்காரரும் நீட்டுவார், தாத்தா முன்னால் கையை நீட்டாதவர்கள் இந்தப் பங்கில் கிடையாது. அம்மா நீட்டினாள், பக்கத்து வீட்டு அக்கா நீட்டினாள், அக்காவின் நாலு வயசு மகள் ரெண்டு கையையும் நீட்டினாள். அடுத்து அவள். தாத்தா அப்போதுதான் இடுப்பை ஒடித்து ஓர் ஆட்டம் போட்டிருந்தார், அதற்கு வந்த சிரிப்பு முகத்தில் இன்னும் இருந்தது. உள்ளங்கை மேலே பார்க்க, மிட்டாய்க்காக நீட்டினாள். தாத்தா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினார். முட்டையைத் திருப்பிப் போடுகிற மாதிரி அவ்வளவு சுளுவாகத் திருப்பி, விரலில் எதையோ ஏற்றினார். ஏற்றிவிட்டு முகமூடியைக் கழற்றினார். உள்ளே ஆன்றோ. வேர்த்து, பஞ்சுத்தாடியின் இழை உதட்டில் ஒட்டியிருக்க, முழங்காலில் நின்றான். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், யாரும் ஒன்றும் செய்யவில்லை. அந்த நிமிஷத்தில் அவள் சொல்லியிருக்கலாம். மிட்டாய் எங்கே என்றாவது கேட்டிருக்கலாம். பிறகு நாற்பது பேரும் ஒன்றாகக் கைதட்டினார்கள். கிட்டார் அடித்தது, டிரம் அடித்தது, யாரோ விசிலடித்தார்கள், அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்த நாலு வயசுக் குழந்தையும் அழுதது, தாத்தா இல்லை, இது ஆன்றோ மாமா, தாத்தா இல்லை என்று வீறிட்டு அழுதது. எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் உண்மையைச் சொன்னது அது ஒன்றுதான், அதற்கு ஆளுக்கு ஆள் மிட்டாய் கொடுத்து வாயை அடைத்தார்கள்.

ஜெசிந்தா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். ஆறு வருஷமாக ஒரு நாளைக்கு அறுபது பேரிடமாவது சொல்லுகிறாள், மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க. பிடிப்பார்கள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று சொல்லுகிறவள் யார், எவர் என்று கேட்பதில்லை. போலீஸ்காரரும் பிடிப்பார், ரவுடியும் பிடிப்பான். விடுங்க என்று சொல்ல அவள் மறந்துவிட்டால் சிலபேர் முகம் சிவக்க நின்றுகொண்டே இருப்பார்கள். இப்படியுமா சொன்னதைக் கேட்பார்கள் என்று கான்டீனில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். சிரித்ததற்கெல்லாம் சேர்த்து வைத்துக் கிடைத்தது. நாற்பது பேர் கைதட்டிச் சொன்னார்கள், அசையாதே என்று. அசையவில்லை. யாரோ போனில் எடுத்து ஊரெல்லாம் அனுப்பிய வீடியோவில் அவள் அசையாமல்தான் நிற்கிறாள், சிரித்த வாய் மூடாமல், கையை நீட்டிக்கொண்டு. மேலே பூப்பூவாக இதயம் பறக்கிறது, எவனோ பின்னணி இசை சேர்த்திருக்கிறான். எப்படிக் கையை நீட்டுறா பாரு, கேக்கறதுக்கு முன்னாலேயே ரெடி, என்று அதன் அடியில் எழுதியிருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், விலா எலும்பு உடைந்து படுத்திருந்த ஒரு பெரியவர்கூட, "எம்மா, நீதான அந்தத் தாத்தா பொண்ணு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்து, சிரித்ததில் வலி தாங்காமல் முனகினார். அவருக்கு வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்படவும் இல்லை. மோதிரம் கழற்றுவது அவளுக்குத் தெரியாத வித்தையா என்ன. கைமுறிந்து வருகிறவர்களுக்குத் தினமும் கழற்றுகிறாள். சோப்பு நுரை, கொஞ்சம் பொறுமை, கழற்றும்போது விரலை மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். ஊர்க்காரர்கள் விரலிலிருந்தெல்லாம் கழற்றியவள் தன் விரலில் இன்னும் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் படவிடவில்லை. பாத்திரம் கழுவும்போதுகூட வலது கையை ஒதுக்கியே கழுவினாள். ஏனென்றால் காலையில் எழுந்ததும் அம்மா அவள் முகத்தைப் பார்ப்பதில்லை, விரலைத்தான் பார்க்கிறாள்.

அம்மா ரோசலின் மடியில் கேக் டப்பாவை வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், சாமியாருக்குக் கொடுக்க. "ஃபாதர் முட்டை போட்ட கேக்கு சாப்பிடுவாரா? சுகர் இருக்குன்னு சொன்னாங்களே," என்று மூன்றாவது தடவை கேட்டாள். "சாப்பிடுவாரும்மா," என்று மூன்றாவது தடவை சொன்னாள் ஜெசிந்தா. அம்மாவைக் கோபித்துக்கொள்ளத்தான் ஆசை, ஆனால் எதைப் பிடித்துக் கோபிப்பது. அப்பா செத்து இரண்டு வருஷம். முதல் வருஷம் கேரல்காரர்கள் துக்க வீடு என்று வாசலிலேயே நின்று ஒரு ஜெபம் சொல்லிவிட்டுப் போனார்கள், டிரம்மைக் கையால் பொத்திக்கொண்டு. அது இன்னும் மோசமாக இருந்தது. இந்த வருஷம்தான் அம்மா ஸ்டூலில் ஏறி நட்சத்திரம் கட்டினாள். தன் கையால் மூன்று கிலோ கேக் போட்டாள். மோதிரம் ஏறின மறுநாள் காலையில் ஜெசிந்தா துணிந்து, "அம்மா, நான் ஒண்ணு சொல்லணும், நேத்து நடந்தது வந்து..." என்று ஆரம்பித்தாள். அம்மா அடுப்படியில் நின்றபடியே, "ஏட்டி, ரெண்டு வருஷமா இந்த வீட்டுல சாவு வாடைதான் அடிச்சுட்டு கெடந்துது. நேத்துதான் போச்சு. நீ என்ன சொல்ல வந்த?" என்றாள். என்னத்தைச் சொல்ல. காப்பிக்குச் சீனி போதும் என்று சொன்னாள். தங்கமான மகள், சீனியைப் பற்றியாவது வாய் திறந்தாளே என்று இப்போது தன்னையே பல்லைக் கடித்துக்கொண்டு வைதாள். ஆன்றோவுக்கு அந்த வீட்டைப் பற்றித் தெரியும். நட்சத்திரம் கட்டியதும் தெரியும், அம்மா அழுவாள் என்பதும் தெரியும். தெரிந்துதான் வந்தான். ஊருக்கெல்லாம் அது அவன் முதல் தடவை கேட்டது. அவனுக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும், அது இரண்டாவது தடவை என்று.

முதல் தடவைக்கு அவள் பதில் சொல்லியாயிற்று. நவம்பர் முப்பது, ஞாயிறு, கடற்கரைச் சாலையில். மூன்று வருஷமாகப் பழக்கம், பிடித்துத்தான் பழகினாள், அதை இல்லையென்று சொல்ல மாட்டாள். காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவருவான், பஸ்ஸில் இடம் பிடித்து வைப்பான், அவளுக்குப் பிடித்தது இதுதான் என்று அவளுக்கு முன்னால் அவனே சொல்லிவிடுவான். அதைப் பாசம் என்றுதான் எடுத்துக்கொண்டாள். வேலூரில் ஒரு வருஷ ஸ்கேன் படிப்பு, பிப்ரவரியில் ஆரம்பம், முந்நூறு பேரில் பன்னிரண்டு பேருக்குத்தான் கிடைத்தது, அதில் ஒன்று அவளுக்கு. மெயில் வந்ததா என்று பார்க்கப் போனபோது, அவள் அனுப்பாத ஒரு பதில் அங்கே கிடந்தது. குடும்பச் சூழ்நிலை காரணமாக வர இயலவில்லை என்று, அடியில் அவள் பெயர். அந்த மெயில் கணக்கை அவளுக்கு ஆரம்பித்துக் கொடுத்தவனே அவன்தான். கேட்டதற்கு மறைக்கவும் இல்லை. "நம்ம ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் போட்டேன். நீ எப்படியும் போமாட்ட, நாள் கடத்துவ. தவக்காலத்துல கல்யாணம் வைக்க மாட்டாங்க, அதுக்கு முன்னால முடிச்சிருவோம்," என்றான். அதுதான் அவன் கேட்ட அழகு. அவள் வேலூருக்குப் போன் போட்டு, அழுது, மன்னிப்புக் கேட்டு இடத்தைத் திரும்ப வாங்கியிருந்தாள். அதைச் சொல்லிவிட்டு, நிறுத்தி, நிதானமாக, "நம்ம கல்யாணம் வேண்டாம் ஆன்றோ," என்றாள். இரண்டு தடவை சொன்னாள். கடல்காற்றில் கேட்காமல் போகக்கூடாது என்று இரண்டாவது தடவை உரக்கச் சொன்னாள். அவன் கொஞ்ச நேரம் கப்பல் விளக்கைப் பார்த்தான். "சரி, பசிக்குது, சாப்பிடுவமா?" என்றான். பொரிச்ச பரோட்டா வாங்கினான், ரெண்டு தட்டு. அவள் சாப்பிட்டாள். இங்கேதான் போய்ப் போய் முட்டுகிறது. ஏன் சாப்பிட்டாள். வேண்டாம் என்று சொன்னவள் எழுந்து ஆட்டோ பிடித்துப் போக வேண்டியதுதானே, சால்னாவைத் தொட்டுத் தொட்டு என்ன சாப்பாடு. பசித்தது, அதனால் சாப்பிட்டாள். பரோட்டாவுக்குக் கை நீட்டினால் ஒரு அர்த்தம், மிட்டாய்க்குக் கை நீட்டினால் ஒரு அர்த்தம், அவள் வாய் திறந்து சொன்னதற்கு மட்டும் அர்த்தமே இல்லை. அவன் அன்றைக்கே முடிவு செய்திருப்பான். தனியாகக் கேட்டால் இவள் வேண்டாம் என்பாள், கூட்டத்தில் கேட்டால் வாய் வராது என்று. இருபத்து மூன்று நாள் கழித்து வேஷம் போட்டுக்கொண்டு வந்தான். சண்டை போட்டிருந்தால், குடித்துவிட்டு வாசலில் நின்று கத்தியிருந்தால், ஊர் அவளுக்கு நியாயம் பேசியிருக்கும். அவன் மிட்டாய்ப் பையோடு வந்தான்.

சரி, சரி, கேள்வி வரும். கேட்டால் ஆமா என்பாள். யார் கட்டாயப்படுத்தினது என்று கேட்டால்? யாரைச் சொல்வது. கத்தி காட்டினானா, இல்லை. அம்மா அடித்தாளா, இல்லை. கைதட்டினார்கள் ஃபாதர். கைதட்டினது ஒரு குற்றமா என்பார். குற்றமில்லைதான். இப்படியே போனால் கதவு திறப்பதற்குள் அவளே அவளுக்குப் பதில் சொல்லி ஓலையையும் எழுதிக் கொடுத்துவிடுவாள் போலிருந்தது. ஒருவேளை பழகிவிடுமோ. நல்லவன் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள். துறைமுகத்துப் பக்கம் கிளியரிங் ஆபீஸில் வேலை, பாட்டுக் குழுவில் கிட்டார், குடி கிடையாது. காலம் முழுக்க அவள் வேண்டாம் என்று சொல்லுவாள், அவன் சரி பசிக்குது என்பான், தட்டு வரும், அவள் சாப்பிடுவாள். கோயில் முற்றத்துக் கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கோல் மேல் ஒரு காகம் வந்து உட்கார்ந்து பாலனைத் தலைசாய்த்துப் பார்த்தது. அதை விரட்டப் போகலாமா, அப்படியே நடந்து வெளியே போய்விடலாமா என்று நினைத்தபோது கதவு திறந்தது. ஆன்றோ வந்தான். "ரொம்ப ஈசி. போயிட்டு வா," என்று அவள் தோளைத் தட்டினான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, கேக்கு எனக்கு இல்லையா?" என்று டப்பாவைத் தொட்டான். அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்பா இருந்த காலத்துச் சிரிப்பு. அதைக் காதில் வாங்கிக்கொண்டே ஜெசிந்தா உள்ளே போனாள்.

ஃபாதர் இருதயராஜ் போனில் புதுவருஷ இரவுப் பூசைக்கு நாற்காலி சொல்லிக்கொண்டிருந்தார், உட்காரு என்று கை காட்டினார். உபதேசியார் சந்தியாகு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்து, மூடி கழற்றிய பேனாவை அதன்மேல் வைத்தார். "ஞானஸ்நான விவரமெல்லாம் ரெஜிஸ்டரைப் பாத்து எழுதிட்டேம்மா. கீழ ஒரு கையெழுத்துப் போடு." அவள் தாளைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. சந்தியாகுவின் சாய்ந்த கையெழுத்து, அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். பதினொன்று. உம்மை யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா? இல்லை. பன்னிரண்டு. முழுமனதுடன் சம்மதிக்கிறீரா? ஆம். மை காய்ந்திருந்தது. நாலு நாளாக அவள் சுமந்துகொண்டு திரிந்த கேள்விக்கு, அவள் வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போதே பதில் எழுதிவிட்டார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, காது சூடாகும்படி வந்தது.

"ஃபாதர், பதினோராவது கேள்வி என்கிட்ட கேக்கலையே," என்றாள்.

அவர் போனை வைத்தார். "அதான் வீடியோல பாத்தமேம்மா. ஊரே பாத்துதே. கேக்கறதுக்கு முன்னால கையை நீட்டிட்டுல்லா நின்ன?"

சந்தியாகு குலுங்கிச் சிரித்தார்.

"அது மிட்டாய்க்கு நீட்டினது ஃபாதர்."

இப்போது ஃபாதரும் சிரித்தார். சிரித்து முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"போன மாசம் முப்பதாந்தேதி, அட்வெண்ட் முதல் ஞாயித்துக்கெழமையே வேண்டாம்னு சொல்லிட்டேன். ரெண்டு தடவை சொன்னேன். ஆன்றோவுக்கு நல்லாத் தெரியும், கூப்பிட்டுக் கேளுங்க. நீங்க கேட்டா இப்பவும் சொல்லுவேன், வேண்டாம். நாளைக்கு ஓலை வாசிக்க வேண்டாம்." வார்த்தை எல்லாம் முழுசாக வந்தது.

ஃபாதர் அவள் விரலைப் பார்த்தார். "பின்ன மோதிரத்தை நாலு நாளா போட்டுக்கிட்டு இருக்கியேம்மா," என்றார் மெதுவாக.

"கழல மாட்டேங்குது ஃபாதர். சோப்பு இருக்கா?"

சந்தியாகு ஃபாதரைப் பார்த்தார். பேனாவை எடுத்து மூடி போட்டார். பிறகு, கைகழுவுகிற இடம் வெளியே வராந்தாக் கோடியில் இருக்கிறது, சோப்பு அங்கேயே கிடக்கும் என்றார்.

வெளியே வந்தாள். "போட்டாச்சா?" என்று அம்மா எழுந்தாள். அவர்களைத் தாண்டிக் குழாயடிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்தாள். பாதி கரைந்த பச்சைச் சோப்பை விரலில் தேய்த்தாள், விரலை மேலே தூக்கிப் பிடித்தாள். கணுவில் தோல் உரிந்து எரிந்தது. எக்ஸ்ரே அறையில் மற்றவர்களுக்குச் சொல்கிற மாதிரியே தனக்கும் சொல்லிக்கொண்டாள், மூச்சைப் பிடி. ஆன்றோ அவள் பின்னாலேயே வந்து நின்றான். "என்ன இது ஜெசி? எல்லாரும் பாக்காங்க பாரு," என்றான், சிரிப்பு மாறாமல். அம்மா கேக் டப்பாவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு விரலையே பார்த்தாள். மோதிரம் கழன்றது.

"கையை நீட்டு," என்றாள் ஜெசிந்தா.

அவன் நீட்டினான். எதற்கென்று கேட்கவில்லை, உள்ளங்கை மேலே பார்க்க, தானாகவே நீண்டது அந்தக் கை. சோப்பு நுரையோடு அதில் வைத்தாள். வைத்த பிறகும் அவன் கையை மடக்காமல் நின்றான். அம்மா என்ன சொல்லப் போகிறாள் என்று ஜெசிந்தா காத்திருந்தாள். அழுவாள், இல்லை அடிப்பாள், இரண்டுக்கும் அவள் தயாராகத்தான் இருந்தாள். அம்மா அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், நாலு நாளில் முதல் தடவையாக.

"குழாயை மூடுட்டி, தண்ணி போகுது," என்றாள்.